ஒரே படத்தை இரண்டு முறை பார்த்தவர்!

உங்கள் தோழனோ தோழியோ ஆசையாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்து, எப்படி இருக்கிறது என்று உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சிலர் சரியாகக்கூடப் பார்க்காமல், சூப்பர் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். சிலர், ஐயே, இதெல்லாம் ஒரு படமா என்று சிரிப்பார்கள். முதல் பதில் கேட்டவரைச் சந்தோஷப்படுத்தும். இரண்டாவது பதில் அழ வைக்கும். ஆனால், இரண்டாலும் அவருக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. அடுத்த படத்தை இன்னும் நன்றாக எடுப்பது எப்படி என்று இரண்டுமே சொல்லவில்லையே!

அடுத்தவர் எடுத்த படத்தைப் பார்த்து, அவருக்கு உதவும்படி நாலு வார்த்தை சொல்வது பெரிய கலை. அந்தக் கலையில் சில நேரம் சறுக்கி விழுந்தும், சில நேரம் மிக உயரத்தில் நின்றும் வாழ்ந்த ஒருவரின் கதைதான் இது. அவர் பெயர் ஆல்பிரட் ஸ்டீக்ளிட்ஸ். உலகப் புகழ்பெற்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்.

பொறியியல் படிக்கப் போனவர்!

1864, ஜனவரி 1-ம் தேதி, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள ஹோபோகன் என்ற ஊரில் பிறந்தார் ஆல்பிரட். ஆறு குழந்தைகளில் இவர்தான் மூத்தவர். ஜெர்மனியில் இருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம் அது. அப்பா கம்பளி வியாபாரி.

ஆல்பிரட் இளைஞராக இருந்தபோது குடும்பம் மீண்டும் ஜெர்மனி சென்றது. பெர்லின் நகரில் இயந்திரப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். ஆனால் 1883-ல் ஒரு கேமரா வாங்கினார். அவ்வளவுதான்! இயந்திரம் எல்லாம் மறந்து போயிற்று.

அந்தக் காலத்துக் கேமராவை இன்றைய செல்போன் கேமரா போல நினைத்துவிடாதீர்கள். பெரிய மரப்பெட்டி, அதைத் தாங்க மூன்று கால், உள்ளே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடித் தகடு. எடுத்த பிறகு, இருட்டறையில் ரசாயனத்தில் கழுவினால்தான் படம் தெரியும்.

அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஹெர்மன் வோகல் என்ற விஞ்ஞானி. வெள்ளைச் சிலையையும் கறுப்பு வெல்வெட் துணியையும் ஒன்றாக வைத்துப் படம் எடுக்கச் சொல்வார். வெள்ளையும் தெளிவாக வர வேண்டும். கறுப்பும் தெளிவாக வர வேண்டும். லேசான காரியமில்லை! மற்ற மாணவர்கள் எடுத்து முடித்துவிட்டுப் போய்விட, ஆல்பிரட் மட்டும் வாரக்கணக்கில் அதையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார். திருப்தி அடையாத குணம் அப்போதே வந்துவிட்டது.

முதல் பாராட்டு!

1887-ல் இத்தாலிக்குச் சுற்றுலா போனார் ஆல்பிரட். பெல்லாஜியோ என்ற ஊரில், குழந்தைகள் கூட்டமாகச் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்த காட்சியைப் படம் பிடித்தார். அதை லண்டனில் இருந்து வெளிவந்த ஒரு புகைப்படப் பத்திரிகையின் போட்டிக்கு அனுப்பினார்.

போட்டியின் நடுவர் பீட்டர் ஹென்றி எமர்சன். மருத்துவம் படித்தவர், கிராமத்து மக்களையும், வயல்களையும், ஆறுகளையும் உள்ளபடியே படம் எடுத்துப் பெயர் பெற்றவர். அந்தக் காலத்தில் பலர், ஆட்களுக்கு வேஷம் போட்டு, பொம்மை மாதிரி நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள். எமர்சனுக்கு அது பிடிக்காது.

ஆல்பிரட்டின் படத்துக்கு அவர் முதல் பரிசு கொடுத்தார். வெள்ளிப் பதக்கமும் இரண்டு கினி பணமும் கிடைத்தன. அதைவிட முக்கியம், எமர்சன் காரணமும் சொன்னார். வந்திருந்த படங்களிலேயே இது ஒன்றுதான் செயற்கை இல்லாமல் தானாக மலர்ந்த படம் என்றார்.

கவனித்தீர்களா? நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி அவர் நிறுத்தவில்லை. எது நன்றாக இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். தன் பலம் எது என்று 23 வயது இளைஞருக்கு அன்று தெரிந்துவிட்டது. இயல்பான காட்சிக்காகக் காத்திருந்து எடுப்பதை அவர் கடைசிவரை விடவே இல்லை.

தூக்கிப் போடு என்ற நண்பர்கள்!

1890-ல் நியூயார்க் திரும்பினார் ஆல்பிரட். அதற்குள் புகைப்படக் கலை வீடுவீடாகப் புகுந்திருந்தது. 1888-ல் கோடக் நிறுவனம் கையில் பிடிக்கும் சிறிய கேமராவை விற்க ஆரம்பித்திருந்தது. பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் ஊருக்கு ஊர் சங்கம் வைத்தார்கள். இவர்களுக்கு அமெச்சூர் என்று பெயர். பணத்துக்காக இல்லாமல், பிரியத்துக்காக ஒரு வேலையைச் செய்பவர் என்று அதற்கு அர்த்தம். தன்னை அமெச்சூர் என்று சொல்லிக்கொள்வதில் ஆல்பிரட்டுக்கு வாழ்நாள் முழுவதும் பெருமை.

நியூயார்க்கில் இருந்த அமெச்சூர் சங்கத்தில் அவரும் சேர்ந்தார். சங்கத்தில் ஒருவர் படத்தை இன்னொருவர் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள்.

1893, பிப்ரவரி 22. நியூயார்க்கில் பயங்கரமான பனிப்புயல். யாரும் வெளியே தலைகாட்டவில்லை. ஆல்பிரட் ஒரு சிறிய கைக் கேமராவைத் தூக்கிக்கொண்டு, ஐந்தாவது அவென்யூ என்ற சாலையோரத்தில் போய் நின்றார். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி நேரம்! கடைசியில், கொட்டும் பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு குதிரை வண்டி அவரை நோக்கி வந்தது. வண்டிக்காரர் சாட்டையை ஓங்கியிருந்தார். டக்கென்று எடுத்துவிட்டார் படத்தை!

கழுவிய நெகடிவைச் சங்கத்து நண்பர்களிடம் ஆசையோடு காட்டினார். நெகடிவ் தெரியும்தானே? வெளுப்பெல்லாம் கறுப்பாகவும், கறுப்பெல்லாம் வெளுப்பாகவும் தலைகீழாகத் தெரியுமே, அதுதான். நண்பர்கள் வாங்கிப் பார்த்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லாம் மங்கலாக இருக்கிறது, கூர்மையே இல்லை, தூக்கிப் போடு என்றார்கள்.

ஆல்பிரட் தூக்கிப் போடவில்லை. படத்தில் தேவையில்லாத ஓரங்களை வெட்டினார். வண்டியும் பனியும் சாலையும் மட்டும் தெரியும்படி பெரிதாகப் பிரின்ட் போட்டுக் காட்டினார். முதலில் சிரித்தவர்களே வாயைப் பிளந்தார்கள்! 'குளிர்காலம், ஐந்தாவது அவென்யூ' என்ற அந்தப் படம் இன்று உலகப் புகழ்பெற்றது. பின்னாளில் இந்தக் கதையை ஆல்பிரட்டே பலமுறை சொல்லியிருக்கிறார்.

நண்பர்கள் கெட்டவர்கள் இல்லை. படம் கூர்மையாக இருக்கிறதா என்ற ஒன்றை மட்டும் பார்த்தார்கள். பனிப்புயலில் எடுத்த படம் மங்கலாகத்தானே இருக்கும்? அந்த மங்கல்தான் குளிரையே காட்டுகிறது! படம் எதைச் சொல்ல வருகிறது என்று அவர்கள் கேட்கவே இல்லை.

அவரும் அதே தப்பைச் செய்தார்!

இப்படிச் சிரிப்புக்கு ஆளானவர், மற்றவர்களிடம் எப்போதும் மென்மையாகத்தானே நடந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை!

1893-ல் அமெச்சூர்களுக்கான ஒரு பத்திரிகைக்கு அவர் ஆசிரியர்களில் ஒருவர் ஆனார். நாட்டின் மூலை முடுக்கில் இருந்தெல்லாம் வாசகர்கள் படம் அனுப்புவார்கள். ஆல்பிரட்டோ, தொழில்நுட்பம் பிரமாதம், படமாகப் பார்த்தால் படுமோசம் என்ற பொருளில் ஒற்றை வரி எழுதித் திருப்பி அனுப்பிவிடுவாராம்!

பாவம், அனுப்பியவருக்கு எப்படி இருந்திருக்கும்? படுமோசம் என்றால் எது மோசம்? வெளிச்சமா? நிற்கும் இடமா? பின்னணியா? ஒன்றும் தெரியாது. வாசகர்கள் கோபித்துக்கொண்டார்கள். 1896-ல் அந்தப் பொறுப்பை விட்டு ஆல்பிரட் விலகினார்.

அடுத்து நியூயார்க் கேமரா கிளப்புக்காக ஒரு பத்திரிகை நடத்தினார். அதிலும் தனக்குப் பிடித்த சிலரின் படங்களையே போடுகிறார் என்று புகார் எழுந்தது. 1902-ல் அதையும் விட்டார். 1908-ல் அந்தக் கிளப் அவரை உறுப்பினர் பட்டியலில் இருந்தே நீக்கிவிட்டது! அவர் வழக்குப் போடுவேன் என்றதும் மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால், அவரே ராஜினாமா செய்துவிட்டார். பழைய நண்பர்கள் சிலரும் அவரை விட்டுப் பிரிந்தார்கள்.

அவருக்குக் கூர்மையான கண் இருந்தது. அதே அளவுக்கு நாக்கும் கூர்மையாக இருந்ததுதான் கஷ்டம்!

ஆனால், ஒரு படத்தை மனசு வைத்துப் பார்த்தபோது அவர் வேறு மனிதர். 1900-ல் எட்வர்ட் ஸ்டைக்கன் என்ற 21 வயது இளைஞர் தன் படங்களோடு வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்த ஆல்பிரட், ஒவ்வொன்றுக்கும் ஐந்து டாலர் கொடுத்து மூன்று படங்களை வாங்கிக்கொண்டார். அந்த இளைஞருக்கு அதுவரை அப்படி ஒரு விலை கிடைத்ததே இல்லை. ஸ்டைக்கனும் பின்னாளில் பெரிய கலைஞர் ஆனார். 1905-ல் இருவரும் சேர்ந்து, ஐந்தாவது அவென்யூவில் 291-ம் எண் கட்டடத்தில் ஒரு சிறிய படக் கூடம் திறந்தார்கள். அதன் பெயரே '291' என்று ஆகிவிட்டது.

ஒரு மாணவன் வந்தான்!

1907-ல் ஒரு பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களை அந்தக் கூடத்துக்கு அழைத்து வந்தார். ஆசிரியர் பெயர் லூயிஸ் ஹைன். பின்னாளில், தொழிற்சாலைகளில் வேலை பார்த்த குழந்தைகளைப் படம் எடுத்து, குழந்தைத் தொழிலாளர் கொடுமையை அமெரிக்காவுக்குக் காட்டியவர் இவர்தான். வந்த மாணவர்களில் ஒருவன் பால் ஸ்ட்ராண்ட்.

சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்ததும், தானும் புகைப்படக் கலைஞர் ஆவது என்று முடிவு செய்துவிட்டான் பால். பள்ளிப் படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும், அவ்வப்போது தன் படங்களை எடுத்துக்கொண்டு ஆல்பிரட்டிடம் வந்து காட்டினார்.

அந்தக் காலத்தில் ஒரு விசேஷ லென்ஸ் பிரபலமாக இருந்தது. எதை எடுத்தாலும் பனிமூட்டத்துக்குள் தெரிவது போல மென்மையாகக் காட்டும். ஓவியம் மாதிரி இருக்கும் என்பதால் பலருக்கும் அதன் மேல் மோகம். ஆல்பிரட்டின் நண்பர்களே அப்படி எடுத்துப் பேர் வாங்கியவர்கள்தான். பாலும் அந்த லென்ஸைத்தான் பயன்படுத்தினார்.

ஆல்பிரட் அந்தப் படங்களை உட்கார்ந்து பார்த்தார். இந்த முறை ஒற்றை வரியில் விரட்டவில்லை. அந்த லென்ஸ் எல்லாவற்றையும் ஒரே பொருளால் செய்தது போலக் காட்டுகிறது என்றார். புல்லும் தண்ணீர் மாதிரி தெரிகிறது. தண்ணீரும் மரப்பட்டை மாதிரி தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் உள்ள தனிக் குணம் காணாமல் போகிறது என்று விளக்கினார். லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கி எடுத்துப் பார்க்கும்படியும் சொன்னார்.

துவாரத்தைச் சிறிதாக்கினால் என்ன ஆகும்? உள்ளே வரும் வெளிச்சம் குறையும். அதனால் படம் பதிய அதிக நேரம் பிடிக்கும். ஆனால், கிட்டே உள்ளதும் தூரத்தில் உள்ளதும் தெளிவாகப் பதியும். சந்தேகம் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள்: ஓர் அட்டையில் ஊசியால் சின்னத் துளை போட்டு, கண்ணுக்கு மிக அருகில் வைத்து அதன் வழியே புத்தக எழுத்தைப் பாருங்கள். புத்தகத்தைக் கண்ணுக்கு மிகப் பக்கத்தில் கொண்டுவந்தால்கூட எழுத்து தெளிவாகத் தெரியும்!

இப்போது சொல்லுங்கள், படுமோசம் என்று எழுதி அனுப்பியதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! என்ன தெரிகிறது என்றார்; என்ன தொலைந்து போயிற்று என்றார்; அடுத்து என்ன செய்யலாம் என்றும் சொன்னார். பாலுக்குத் தைரியம் போகவில்லை, வேலைதான் கூடியது!

பால் போய் உழைத்தார். 1915-ல் புதிய படங்களோடு திரும்பி வந்தார். அதில் ஒன்று, நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் எடுத்தது. ஒரு பெரிய வங்கிக் கட்டடத்தின் இருண்ட, ராட்சச ஜன்னல்கள். கீழே எறும்பு போல நடந்து போகும் மனிதர்கள். காலை வெயிலில் அவர்களின் நீண்ட நிழல்கள்.

ஆல்பிரட் அசந்து போனார். இதுவரை யாரும் செய்யாததை இந்த இளைஞர் செய்திருக்கிறார் என்று புரிந்துகொண்டார். 1916-ல் தன் கூடத்தில் பாலின் படங்களைக் கண்காட்சியாக வைத்தார். அப்போது ஆல்பிரட் 'கேமரா வொர்க்' என்ற அழகான பத்திரிகையை நடத்தி வந்தார். 1903-ல் தொடங்கிய அதற்கு ஒரு காலத்தில் சுமார் ஆயிரம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். பிறகு நாற்பது பேர் அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள். 1917-ல் கடைசி இதழ் வந்தது. அந்தக் கடைசி இதழின் படங்கள் முழுவதும் பாலின் படங்கள்தான்!

தன் மீது விழுந்த விமர்சனம்!

அடுத்தவருக்குக் கருத்துச் சொல்பவர், தன்னைப் பற்றிய கருத்தை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்றும் பார்க்க வேண்டும் இல்லையா?

ஆல்பிரட் எடுத்த மனித முகங்கள் மிகவும் உயிரோட்டமாக இருக்கும். எதிரே உட்காருபவரை அவர் மயக்கி வசியப்படுத்திவிடுகிறார், அதனால்தான் படம் அப்படி வருகிறது என்று ஓர் எழுத்தாளர் எழுதிவிட்டார். ஆல்பிரட்டுக்குச் சுருக்கென்றது. பதிலுக்குச் சண்டை போட்டாரா? இல்லை. 1922-ல் கேமராவை வானத்துக்குத் திருப்பினார்! மேகங்களைப் படம் எடுத்தார். மேகத்தை யாரால் வசியப்படுத்த முடியும்? அது எல்லோருக்கும் பொது. காசும் கொடுக்க வேண்டாம். பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த அந்த மேகப் படங்கள், அவருடைய மிகச் சிறந்த படைப்புகளில் சேர்ந்துவிட்டன.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவைக் கவனித்து வந்தவர் ஆனந்த குமாரசாமி. கொழும்பில் பிறந்தவர், இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசாமியின் மகன். ஓவியமும் சிற்பமும் மட்டும்தான் கலை, புகைப்படம் கலையே இல்லை என்று பெரும்பாலான அருங்காட்சியகங்கள் ஒதுக்கிய காலம் அது. குமாரசாமி அப்படி நினைக்கவில்லை. அவர் முயற்சியால் 1924-ல் ஆல்பிரட்டின் 27 படங்கள் அந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தன. புகைப்படத்தைக் கலையாக ஏற்றுச் சேகரித்த முதல் அமெரிக்க அருங்காட்சியகங்களில் ஒன்று என்ற பெருமை அதற்குக் கிடைத்தது.

சூடான நாற்காலி!

1933-ல் ஒரு நாள். ஆல்பிரட்டுக்கு வயது 69. நியூயார்க்கில் உயரமான கட்டடம் ஒன்றில் வேறொரு படக் கூடம் நடத்தி வந்தார். சான்பிரான்சிஸ்கோவில் இருந்து ஆன்சல் ஆடம்ஸ் என்ற 31 வயது இளைஞர், தன் படங்களைக் காட்டக் கண்டம் கடந்து வந்திருந்தார். மலைகளையும் காடுகளையும் எடுப்பவர்.

போனதும், இப்போது முடியாது, பிறகு வா என்று கறாராக அனுப்பிவிட்டார் ஆல்பிரட். ஆன்சலுக்கு ஒரே கோபம். ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நினைத்தார். மனைவிதான் சமாதானப்படுத்தி மறுபடியும் அனுப்பி வைத்தார்.

திரும்பி வந்தார் ஆன்சல். அங்கே உட்கார வேறு நாற்காலி இல்லை. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்தான் இருந்தது. அதன் மேலேயே உட்கார்ந்தார். கீழே சுடச் சுட நெளிந்தார்!

ஆல்பிரட் படக் கட்டைப் பிரித்தார். ஒவ்வொரு படமாக எடுத்து நிதானமாகப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் அடுக்கிக் கட்டிவிட்டார். ஆன்சலுக்கு மனம் படபடவென்று அடித்தது.

ஆல்பிரட் அவரை ஒரு பார்வை பார்த்தார். கட்டை மறுபடியும் அவிழ்த்தார். முதல் படத்தில் இருந்து கடைசிப் படம் வரை, மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்! அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். தான் பார்த்த படங்களிலேயே மிகச் சிறந்தவை என்று சொல்லத்தக்கவை இவை என்றார்.

ஆன்சலுக்கு ரேடியேட்டர் சூடெல்லாம் மறந்தே போயிருக்கும்! 1936-ல் அதே கூடத்தில் அவருடைய கண்காட்சி நடந்தது. பிற்காலத்தில் இயற்கைக் காட்சிப் படங்களுக்கு உலகத்திலேயே பெரிய பெயர் அவருடையது.

உங்களுக்கு ஒரு வேலை!

இதய நோயால் தளர்ந்த ஆல்பிரட், 1937-ல் கேமராவைக் கீழே வைத்தார். 1946, ஜூலை 13-ம் தேதி, தனது 82-வது வயதில் காலமானார். அவருடைய மனைவியும் புகழ்பெற்ற ஓவியருமான ஜார்ஜியா ஓ'கீஃப், அவரது படங்களை எல்லாம் சேர்த்து அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தார். வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக் கூடத்தில் மட்டும் 1,600-க்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன.

குட்டி நண்பர்களே, ஆல்பிரட்டிடம் இருந்து அவருடைய கோபத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நிதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நண்பர் ஒரு படம் காட்டினால், உடனே பதில் சொல்லாதீர்கள். ஒரு முறை பாருங்கள். இன்னொரு முறையும் பாருங்கள். நண்பர் இதில் எதைக் காட்ட நினைத்தார் என்று யோசியுங்கள். புரியாவிட்டால் அவரிடமே கேளுங்கள்.

பிறகு, நன்றாக வந்திருப்பதை முதலில் சொல்லுங்கள். பாட்டியின் சிரிப்பு அழகாக விழுந்திருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அடுத்து, எது கெடுக்கிறது என்று சொல்லுங்கள். பாட்டியின் தலைக்குப் பின்னால் மின்கம்பம் முளைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லலாம். கடைசியாக, இரண்டு அடி தள்ளி நின்று எடுத்துப் பாரேன் என்று ஒரு வழியும் காட்டுங்கள்.

ஓவியம், கட்டுரை, கோலம், பாட்டு, எதற்கும் இதே முறைதான். உங்கள் வகுப்பில் ஒரு பால் ஸ்ட்ராண்ட் இருக்கலாம். ஓர் ஆன்சல் ஆடம்ஸ் இருக்கலாம். அவர்கள் காட்டும் முதல் படத்தைப் பார்க்கப் போவது நீங்களாகவே இருக்கலாம்.

அவசரப்பட்டுச் சிரித்துவிடாதீர்கள்!